வாட்ச் வாங்கும் முன் சாவி யாரிடம் என்று பாருங்கள்

இதயத்துடிப்பு காட்டும் வாட்ச் கட்ட ஆரம்பித்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. இப்போது கையில் இருப்பது மூன்றாவது. முதலாவதைத் திரையழகு பார்த்து வாங்கினேன். ஒரு நாள் காலையில் அதன் ஆப், கணக்கிலிருந்து என்னை வெளியே தள்ளிவிட்டது. எத்தனை முறை முயன்றும் உள்ளே போக முடியவில்லை. எட்டு மாதத் துடிப்புப் பதிவு அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே தங்கிவிட்டது.

அப்புறம்தான் கேட்ஜெட்பிரிட்ஜ் பக்கம் வந்தேன். பெபிள் வாட்சுக்காகத் தொடங்கிய திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) ஆண்ட்ராய்டு ஆப் இது; இன்று பல நிறுவனங்களின் வாட்சுகளோடு பேசுகிறது. திறமூல ஆப்களுக்கான கடையான எஃப்-டிராய்டில் கிடைக்கிறது. கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. பதிவுகள் எல்லாம் போனிலேயே எஸ்க்யூலைட் என்ற வகைத் தரவுத்தளக் கோப்பில் இருக்கும். வேண்டும்போது வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

அதன் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துத்தான் இரண்டாவது வாட்சை வாங்கினேன். பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று நினைத்தேன், அங்கேதான் சறுக்கினேன். சில வாட்சுகளை இணைக்க கடவுச்சொல் போல 32 எழுத்துள்ள ஒரு சாவி வேண்டும். நிறுவனத்தின் ஆப்பில் கணக்குத் தொடங்கி ஒருமுறையாவது இணைத்தால்தான் அந்தச் சாவி பிறக்கும். சாவியை எடுத்த பிறகு அந்த ஆப்பிலிருந்து வாட்சை நீக்கக் கூடாது, ஆப்பை மட்டும் போனிலிருந்து அழிக்க வேண்டும். நான் சமர்த்தாக வாட்சையும் நீக்கினேன். பழைய சாவி செல்லாமல் போய், எல்லாம் முதலிலிருந்து. பட்டியலில் பெயரைப் பார்ப்பவர்கள் பக்கத்தில் இருக்கும் குறிப்பையும் படித்துவிடுங்கள்.

மூன்றாவது பைன்டைம். இன்ஃபினிடைம் என்ற திறமூல மென்பொருளில் ஓடுகிறது. சாவியும் இல்லை, கணக்கும் இல்லை. தவிர, ப்ளூடூத்தில் துடிப்புக்கென்றே இருக்கும் பொதுச் சேவையை அது பின்பற்றுகிறது. அந்தச் சேவையின் எண் 180டி. எந்த ப்ளூடூத் ஸ்கேனர் ஆப்பிலும் இந்த எண் தெரிந்தால் பாதிக் கவலை விட்டது. அதற்குள் துடிப்பின் அளவு வரும் இடத்துக்கு 2ஏ37 என்று எண்; அதைத் திறந்தபோது எனக்கு 00 48 என்று வந்தது. முதல் பைட் வெறும் குறியீடு. இரண்டாவதுதான் துடிப்பு: பதினாறின் அடிமானத்தில் 48, நம் கணக்கில் 72. இவ்வளவுதான் விஷயம்! இதைப் படிக்க ஒரு நிறுவனத்தின் ஆப் எதற்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

துல்லியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கட்டு வாட்சுகள் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் துடிப்பைக் கணக்கிடுகின்றன. உட்கார்ந்திருக்கையில் நன்றாக வரும். ஓடும்போது கையசைவு குறுக்கே வந்து, சில நேரம் காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டிவிடும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் தேவலை. உடற்பயிற்சிதான் முக்கியம் என்றால் மார்புப் பட்டை வாங்குங்கள். அது இதயத்தின் மின் சைகையையே அளக்கிறது. பெரும்பாலான பட்டைகள் அதே 180டி-யில் பேசுவதால், ஓப்பன்டிராக்ஸ் போன்ற திறமூல ஆப்பில் நேராக இணையும். இதயத் துடிப்பு இடைவெளி மாறுபாடு பார்ப்பவர்களுக்கும் பட்டைதான் சரி.

இப்போது ஓட்டத்துக்குப் பட்டை, மற்ற நேரத்துக்கு வாட்ச். போன மாதம் போனை மாற்றினேன். பழையதில் ஏற்றுமதி, புதியதில் இறக்குமதி, பத்தே நிமிடம். வரைபடத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.