முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பித்தளைப் பம்பரம்

காரைக்குடியில் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். செப்டம்பர் 30-க்குள் வரித் தணிக்கை அறிக்கைகளை முடித்தாக வேண்டிய நெருக்கடியில், நாள் முழுவதும் கணினித் திரையையும் பேரேட்டையும் மாறி மாறிப் பார்க்கும்போது, இரண்டு நிமிடம் கண்ணுக்கும் கைக்கும் வேறு வேலை கொடுத்துவிட்டுத் திரும்புவது பெரிய ஆறுதல். கைபேசியை எடுத்தால் அந்த இரண்டு நிமிடம் இருபதாகிவிடுகிறது. அதனால்தான் மேசைமேல் வைத்துக்கொள்ளும் விளையாட்டுப் பொருள்களைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் இணையத்தில் வாங்கியது, ஐந்து எஃகுக் குண்டுகள் தொங்கும் நியூட்டன் தொட்டில். ஓரத்துக் குண்டை இழுத்து விட்டால், நடுவில் உள்ள மூன்றும் ஏறக்குறைய அசையாமல் நிற்க, மறு ஓரத்துக் குண்டு மட்டும் எழும்ப வேண்டும். அதற்கு ஐந்தின் மையங்களும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். எனக்கு வந்ததில் மூன்றாம் குண்டின் நூல் ஒரு நெல்மணி அளவு நீண்டிருந்ததால், நாலைந்து மோதலிலேயே எல்லாக் குண்டுகளும் சேர்ந்து தள்ளாடின. சத்தமும் ஒரு குறைதான். "தம்பி, போன்ல பேசறப்ப மட்டும் அதை நிறுத்தி வைங்க" என்று பக்கத்து மேசை அக்கா கேட்டுக்கொண்ட பிறகு அதை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய நகரத்தார் வீடுகளிலிருந்து வந்த தேக்குக் கதவுகளும் எனாமல் தூக்குகளும் அடுக்கியிருந்த ஒரு கடையில், மடக்கு பல்லாங்குழி ஒன்றும் விரலால் சுண்டிவிடும் பித்தளைப் பம்பரம் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 1,150 ரூபாய்.

பல்லாங்குழியில் தனியாக ஆடும் சீதைப் பாண்டி இருப்பதால் அது மேசைக்கு ஏற்றது என்று நினைத்தேன். ஆனால் ஆட்டத்தின் நடுவில் வாடிக்கையாளர் வந்துவிட்டால் எண்ணிக்கை மறந்துபோகிறது, சோழிகள் கோப்புகளுக்கு அடியில் ஓடிவிடுகின்றன. அது வீட்டுத் திண்ணைக்கு உரிய பொருள்; இப்போது அங்கேதான் இருக்கிறது.

பம்பரம் வேறு வகை. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். ஆனால் உள்ளங்கையில் வைத்தவுடன் பித்தளையின் கனம் தெரிகிறது. ரெக்சின் ஒட்டிய மேசையில் சில நொடிகளில் சாய்ந்துவிட்டது. வீட்டில் தரைக்குப் பதித்தது போக மிச்சமிருந்த ஓர் ஆத்தங்குடிக் கல்லைக் கொண்டுவந்து அதன்மேல் சுண்டினேன். ஒரு நிமிடத்துக்கும் மேல் நின்று சுற்றியது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தட்டின்மேல் வார்த்துச் செய்கிறார்கள், அந்த வழவழப்பு பம்பரத்தின் முனைக்கு அப்படியே பயன்படுகிறது. சுற்றும்போது ஒரே பொன்வட்டமாகத் தெரியும். வேகம் குறையக் குறைய மெல்லத் தள்ளாடத் தொடங்கும். அது சாயும் நேரத்தில் நானும் பேரேட்டுக்குத் திரும்பிவிடுகிறேன். பக்கத்து மேசைக்கு எந்தச் சத்தமும் போவதில்லை.

வாங்குபவர்கள் கடையிலேயே கண்ணாடி மேசைமேல் சுற்றிப் பார்த்து வாங்குங்கள். பழைய பம்பரங்களில் சிலவற்றுக்கு முனை தேய்ந்து ஒரு பக்கமாக ஆடும். நான் சுற்றிப் பார்த்த ஆறில் இரண்டுதான் நேராக நின்றன. கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஆறையும் எடுத்துக் கொடுத்தார்.