பிரேக்கிங் பேட்: நான்காம் சீசனின் தொடக்கமா, ஐந்தாவதன் தொடக்கமா?

'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், 2011 ஜூலையில் வந்த நான்காம் சீசனின் முதல் எபிசோடில் போதைப்பொருள் முதலாளி கஸ் தன் ஆய்வகப் படிக்கட்டில் இறங்கி வருகிறார். கோட்டைக் கழற்றி மாட்டுகிறார், ரப்பர் உடையை நிதானமாக அணிகிறார். அங்கே அவருக்காகப் போதைப்பொருள் காய்ச்சும் நாயகன் வால்ட் மூச்சுவிடாமல் கெஞ்சிக்கொண்டிருக்க, அவர் பெட்டி அறுக்கும் கத்தியால் தன் சொந்த ஆள் விக்டரின் கழுத்தை அறுக்கிறார். அப்புறம் கை கழுவி, உடை மாற்றி, 'போய் வேலையைப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவு நேரம் ஒருவரைப் பேசாமல் நடக்க விடவே தனித் துணிச்சல் வேண்டும்.

ஐந்தாவது (2012 ஜூலை) வேறு ரகம். போலீஸ் வசமுள்ள கஸ்ஸின் லேப்டாப்பை அழிக்க, வால்ட்டும் கூட்டாளிகளும் காயலாங்கடையின் ராட்சதக் காந்தத்தை லாரியில் ஏற்றிச் சுவரோரம் நிறுத்துகிறார்கள். விறுவிறுப்புக்குக் குறைவில்லை, ஆனால் லாரி சாயும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தொடக்கக் காட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. உணவகத்தில் தாடியோடு தனியாக உட்கார்ந்த வால்ட், பன்றி இறைச்சித் துண்டுகளைத் தன் வயதான 52 என்ற எண்ணாக அடுக்குகிறார். வெளியே, கார் டிக்கியில் இயந்திரத் துப்பாக்கி.

சரி, ஒன்றைத்தான் மறுபடி பார்க்கலாம் என்றால்? நான்காவதுதான், யோசிக்கவே வேண்டாம்.