தொட்டியா, கிணறா, குழியா: மாடியில் விழும் மழையை எங்கே விடுவது?

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாள்களில், கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் என்பது கணக்கு. 2,000 சதுர அடி மொட்டைமாடி ஏறத்தாழ 186 சதுர மீட்டர். முதல் மழையில் கழுவிவிடுவதும் ஆவியாகிப் போவதும் நீங்கலாக எண்பது விழுக்காடு கையில் கிடைத்தாலும் ஆண்டுக்கு 2 லட்சம் லிட்டருக்கு மேல் வந்து சேரும். எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் முப்பது பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் புழங்குகிறார்கள் என்று கொண்டால், இந்தத் தண்ணீர் ஐம்பது நாள்களுக்கு வரும். ஆண்டு முழுவதற்கும் இது போதாது என்பது உண்மைதான். ஆனால் 2019ஆம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு ஐம்பது நாள் தண்ணீர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

மழைநீரைச் சேமிக்க வேண்டுமா என்ற விவாதம் 2003ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டில்தான் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. இன்று தெருக்கூட்டங்களில் எழும் கேள்வி வேறு. மாடியிலிருந்து இறங்கும் குழாயைக் கீழ்த்தொட்டிக்குள் விடுவதா, பழைய கிணற்றில் விடுவதா, காம்பவுண்டுச் சுவரை ஒட்டிக் குழி வெட்டி விடுவதா, அல்லது நேராகப் போர்வெல்லுக்கே கொடுத்துவிடுவதா? நான்குக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். நான்கும் ஒரே பயனைத் தருவதில்லை என்பதை விளக்கவே இந்த ஒப்பீடு.

தொட்டியின் பலம், பலன் உடனே கண்ணுக்குத் தெரிவது. வடிகட்டி வழியாக இறங்கும் மழைநீரைச் சம்ப்பில், அதாவது தரைக்கடியில் உள்ள கீழ்த்தொட்டியில், பிடித்தால் அன்று மாலையே குழாயில் திறந்து பார்க்கலாம். உப்பு இல்லை, சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. எங்கள் அடுக்ககத்தில் மழைநீருக்கு எதிராகப் பேசிவந்த ஒரு பெரியவர், அந்தத் தண்ணீரில் போட்ட காபியைக் குடித்த பிறகுதான் மனம் மாறினார். தொட்டியின் பலவீனம் அதன் கொள்ளளவு. 12,000 லிட்டர் சம்ப் என்பது ஒரு பெரிய லாரித் தண்ணீர். மேலே சொன்ன மாடியில் 80 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது நிரம்பிவிடும், கார்த்திகையில் ஒரே இரவில் அவ்வளவும் பெய்துவிடக்கூடும். மறுநாளும் மழை, அதற்கு மறுநாளும் மழை என்றால் அந்த நாள்களில் வருவதெல்லாம் எங்கே போகும்? மேலும், பருவமழைக் காலத்தில் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரும் தடையில்லாமல் வருவதால் சம்ப் ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரம்பித்தான் இருக்கும். ஆக, தொட்டியை மட்டும் நம்பும் வீடு, பிடித்ததைவிட அதிகமாகத் தெருவில் வழியவிடுகிறது; அந்தத் தெருவிலேயே முழங்காலளவு தண்ணீர் நிற்பதைப் பற்றிக் கவலைப்படுவதும் அதே வீட்டார்தான்.

கிணறு என்று சொல்லும்போது என் சார்பை மறைக்க விரும்பவில்லை. பழைய சென்னை வீடுகளில், வட்ட உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய உறைகிணறு இல்லாத மனை அரிது. வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது பலவற்றைக் கட்டடக் கழிவு போட்டு மூடினார்கள். சிலவற்றின் மேல் மட்டும் பலகை போட்டு, அதன்மேல் காரை நிறுத்தினார்கள். எங்கள் கிணறு இரண்டாவது வகை. கார் நிறுத்துமிடத்தில் சிமெண்டுப் பலகையைப் பெயர்த்தபோது உள்ளே செங்கல் துண்டுகளும் உடைந்த ஓடும் கிடந்தன, தண்ணீர் இல்லை. (பல ஆண்டுகள் மூடிக்கிடந்த கிணற்றில் யாரையும் உடனே இறக்கக் கூடாது, நச்சுக்காற்று தங்கியிருக்கும், அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. காற்றைச் சோதித்து, வேலை தெரிந்தவர்களை வைத்துத்தான் இறங்க வேண்டும்.) தூர்வாரி முடித்த ஐப்பசியில் மாடிக் குழாய்களை ஒன்றுசேர்த்து, மணலும் கூழாங்கல்லும் இட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விட்டோம். இந்த ஊரில் கிணற்றுத் தண்ணீரை அடிக்கணக்கில் சொல்வதைவிட உறைக்கணக்கில் சொல்வதுதான் வழக்கம். கல் கட்டிய கயிற்றை இறக்கி, மேலிருந்து எத்தனை உறை தெரிகிறது என்று எண்ணி, சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துவைத்தோம். மழை பெய்த இரவுக்கு மறுநாள் தண்ணீர் ஏறியிருக்கும். இரண்டு நாளில் சற்று இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து 'தண்ணீர் வீணாகிறது' என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அது வீணாவதில்லை. பக்கவாட்டில் மண்ணுக்குள் பரவிச் சேமிப்பாகிறது. நாம் கட்டும் எந்தத் தொட்டியையும்விடப் பல மடங்கு பெரிய தொட்டி காலுக்குக் கீழே இருக்கும் மணல்தான், அதைக் கட்டுவதற்கு நாம் பணமும் தரவில்லை.

கடலோரப் பகுதிகளுக்குக் கிணற்றின் பயன் இன்னும் ஒரு படி மேல். பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் போன்ற இடங்களில் நல்ல தண்ணீர், கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், அது கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு உப்புநீரை அழுத்தி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட விதி. இதைத் திருப்பிப் பார்த்தால், மேல்மட்டத்தில் ஓர் அடி குறைந்தாலும் கீழிருந்து உப்பு அவ்வளவு உயரம் ஏறிவரும். ஆழமாகப் போர் போட்டு உறிஞ்சுவது இதைத்தான் செய்கிறது. ஆழமில்லாத கிணற்றில் மழைநீரை விட்டு அதன் மேற்பரப்பிலிருந்து இறைத்துக்கொள்வது இதற்கு நேர்மாறானது. கடலோரத்தில் வீடு வீடாகச் சென்று இதை எடுத்துச் சொன்னவர் சேகர் ராகவன். அவரது முயற்சியால் 2002ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய 'மழை இல்லம்' என்ற மழைநீர் சேகரிப்பு மையம், குழாயை எங்கே வெட்ட வேண்டும், எங்கே இணைக்க வேண்டும் என்று சாதாரண மக்களுக்குப் புரியும்படி காட்டியது.

கிணறு இல்லாத மனைகளுக்குக் குழியைப் பரிந்துரைக்கிறார்கள். இங்கே 'குழி' என்ற ஒரு சொல் இரண்டு வேறு அமைப்புகளைக் குறிக்கிறது. முதலாவது, மூன்று நான்கு அடி ஆழத்தில் வெட்டி, உடைசெங்கல்லும் கருங்கல் ஜல்லியும் நிரப்பி மேலே மணல் பரப்பும் சிறிய குழி. 2003ஆம் ஆண்டுக் கெடுவுக்குள் செய்துகாட்ட வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான வீடுகளில் அவசரமாக வெட்டியது இதைத்தான். ஜல்லி நிரப்பிய பிறகு தண்ணீர் நிற்க மிஞ்சுவது இடுக்குகள் மட்டுமே. நான்கைந்து மழைக்காலங்களில் வண்டல் அந்த இடுக்குகளையும் அடைத்துவிடும். ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவாதவரை அதனால் பயன் இல்லை. எத்தனையோ வீடுகளில் அதன்மேல் டைல்ஸே பதித்துவிட்டார்கள். இரண்டாவது, உள்ளே எதுவும் நிரப்பாமல், துளையிட்ட சிமெண்டு உறைகளை இறக்கிச் செய்யும் ஊறல் கிணறு. மூன்றடி விட்டமும் பதினைந்தடி ஆழமும் இருந்தால் ஒரே நேரத்தில் 3,000 லிட்டர் நிற்கும். மூடியைத் திறந்து வண்டலை அள்ளிவிட முடியும். செலவு கூடுதல்தான், ஆனால் இருபது ஆண்டு கழித்தும் வேலை செய்வது இதுவே. முதல் வகையைச் செய்துவிட்டு 'மழைநீர் சேகரிப்பால் பயனில்லை' என்று முடிவுகட்டியவர்களிடம், அவர்கள் செய்துபார்த்தது மழைநீர் சேகரிப்பின் மிக மெலிந்த வடிவம் என்று மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

எந்தக் குழியானாலும் மண்ணைக் கேட்காமல் வெட்டக் கூடாது. இரண்டடி வெட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கடலோர மணலில் ஊற்றிய வேகத்தில் இறங்கிவிடும். நகரின் மேற்குப் பகுதிகளில் உள்ள களிமண்ணில் மறுநாள் காலையிலும் அப்படியே நிற்கும். அங்கே களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டுப்படும் வரை இறங்க வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் தொட்டியைப் பெரிதாக்குவதே மேல்.

போர்வெல்லில் நேராக விடுவதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை, அது கூடாது. மண் வழியாக மெல்ல இறங்கும் தண்ணீர் போகும் வழியிலேயே சுத்தமாகிறது. குழாய் வழியாக நேராக இறக்கும்போது மாடியில் கிடந்த பறவை எச்சமும் தூசியும் ஆழத்து நீரில் கலக்கின்றன. வண்டல், குழாயின் துளைகளை அடைக்கிறது. கெட்டுப்போன ஆழத்து நீரைத் திருத்த நம் கையில் வழியில்லை. முழுக்க வற்றிக் கைவிட்ட போர் ஒன்று இருந்தாலும், அதைச் சுற்றி ஊறல் கிணறு இறக்கி மண் வடிகட்டட்டும் என்று விடுவதே முறை.

பராமரிப்பில் தொட்டிக்கும் கிணற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுக்குமே புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கிக் கழுவ வேண்டும். தேநீர் நிறத்தில் வரும் முதல் மழைத் தண்ணீரை வால்வைத் திறந்து வெளியே விட வேண்டும். வடிகட்டியின் மேல்மணலில் இரண்டு மழைக்குள் படியும் கறுப்பு ஏட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். கொசு புகாமல் வலை கட்ட வேண்டும். வேறுபாடு இவற்றை மறக்கும்போதுதான் வெளிப்படுகிறது. தொட்டியில் மறந்தால் அந்த வாரமே சமையலறைக் குழாயில் நாற்றம் வந்து நினைவூட்டும். கிணற்றில் மறந்தால் பல மாதங்கள் யாருக்கும் தெரியாது. அதனால் கிணற்றைத் தேர்ந்தெடுக்கும் அடுக்ககம் வடிகட்டி கழுவும் பொறுப்பை யாராவது ஒருவர் பெயரில் எழுதிவைப்பது அவசியம்.

இனி, கூட்டங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லோர் மனத்திலும் இருக்கும் வேறுபாட்டுக்கு வருகிறேன். தொட்டித் தண்ணீர் நம்முடையது. கிணற்றில் விட்ட தண்ணீர் தெருவுக்குச் சொந்தம். நாம் செலவு செய்து நிலத்தில் இறக்கியதைப் பக்கத்து மனைக்காரர் பெரிய மோட்டார் வைத்து இறைத்துவிடலாம். எங்கள் தெருவிலும் இதைச் சொல்லித்தான் இருவர் பின்வாங்கினார்கள். அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு வீடு மட்டும் ஊறவிட்டால் அதன் கிணறு கொஞ்சம்தான் ஏறும். பத்து வீடுகள் ஊறவிட்டால் பத்துக் கிணறுகளும் ஏறும். பெங்களூரில் சர்ஜாபூர் சாலையை ஒட்டிய ரெயின்போ டிரைவ் குடியிருப்பினர் இதைப் புரிந்துகொண்டு செயல்பட்டார்கள்: மனைகளிலும் சாலையோரத்திலும் ஊறல் கிணறுகளை வெட்டியதோடு நிற்காமல், தனித்தனியாகப் போர் போடுவதைத் தடுத்து, அதிகம் புழங்குபவர்களுக்கு அதிகக் கட்டணம் என்று தாங்களே விதி செய்துகொண்டார்கள். அதே நகரில் தலைமுறைகளாகக் கிணறு வெட்டிவரும் மண்ணு வட்டர் சமூகத்தினருக்கு இத்தகைய கிணறுகள் மீண்டும் வேலை தந்திருக்கின்றன. இறைப்பதற்குக் கட்டுப்பாடு இல்லாமல் ஊறவிடுவதை மட்டும் வளர்த்தால், மிகப் பெரிய மோட்டார் வைத்திருப்பவருக்கே எல்லோரும் சேர்ந்து தண்ணீர் கொடுத்ததாக ஆகும்.

என் தேர்வு இதுதான்: குழாய் முதலில் சம்ப்புக்குச் செல்லட்டும், சம்ப் நிரம்பி வழியும் வாய் கிணற்றில் இணையட்டும், கிணறு இல்லாவிட்டால் நிரப்பாத ஊறல் கிணறு ஒன்றை இறக்கலாம். காம்பவுண்டுக்குள் தரையில் விழும் மழையை வாசற்கதவின் குறுக்கே சிறு கால்வாய் வெட்டித் தனியாக ஒரு ஊறல் கிணற்றுக்குத் திருப்ப வேண்டும். கார் எண்ணெயும் செருப்பு மண்ணும் கலந்த அந்தத் தண்ணீரைச் சம்ப்பிலும் குடிநீர்க் கிணற்றிலும் விடக் கூடாது. இதற்கெல்லாம் பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன், உங்கள் தெருவில் எத்தனை பழைய கிணறுகள் மூடிக்கிடக்கின்றன என்று வயதானவர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் எடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் அப்படிக் கேட்டபோது ஏழு கிணறுகள் தெரியவந்தன. அவற்றில் நான்கை இன்னும் திறக்க முடியும். அந்த நான்கில் மூன்றாவது கிணற்றுக்கு உரியவர்கள் வரும் தையில் வீட்டை இடிக்கப்போகிறார்கள். அதை மூடாமல் புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் சேர்க்கும்படி கேட்டு இப்போது அவர்கள் வாசலுக்கு நடந்துகொண்டிருக்கிறோம்.