பனிக்கட்டியில் துளையிட: கைத்துளைப்பானா, பேட்டரித் துளைப்பானா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சிறிய ஏரியொன்றில் நண்பர்களோடு பனிக்கட்டி மீன்பிடிப்புக்கு, அதாவது உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிக்க, கிளம்புவோர், கையால் சுழற்றும் துளைப்பானை வாங்குவதா, பேட்டரியில் இயங்குவதை வாங்குவதா என்று தயங்குவதுண்டு.

விலை: கைத்துளைப்பான் மிகவும் மலிவு. பேட்டரித் துளைப்பானுக்குப் பல மடங்கு செலவாகும்.

உழைப்பு: குளிர்காலத் தொடக்கத்தில், நடந்து செல்வதற்கு அம்மாநில இயற்கைவளத் துறை வலியுறுத்தும் 4 அங்குலத் தடிமனைப் பனிக்கட்டி எட்டியிருக்கும் நாட்களில், கைத்துளைப்பானே தாராளமாகப் போதும். பிப்ரவரியில் அத்தடிமன் 2 அடியை நெருங்கும்போதோ, நண்பர்கள் நால்வருக்கும் துளையிட்டு, மீன் கடிக்காத இடத்தைவிட்டு நகர்ந்து மறுபடியும் துளையிடுவதற்குள் தோள்கள் ஓய்ந்துவிடும். உடையை நனைத்த வியர்வையும் பிறகு குளிரில் வாட்டும். இதை அலட்சியப்படுத்தலாகாது.

நம்பகம்: கடுங்குளிரில் பேட்டரியின் திறன் குறைவதால், அதை மேலங்கிக்குள் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். கைத்துளைப்பானுக்கு அலகின் கூர்மைதான் உயிர். மழுங்கிய அலகு பனியைச் சீவாமல் வழுக்கிச் சுழலும் என்பதால், அதை உறையிட்டே எடுத்துச்செல்ல வேண்டும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை, மெல்லிய பனிக்கட்டியில் இரண்டு மூன்று துளைகளோடு நிறுத்திக்கொள்வோருக்குக் கைத்துளைப்பானே ஏற்றது. குளிர்காலம் முழுவதும் குழுவாகச் சென்று, வால்ஐ, பெர்ச் மீன்களைத் தேடி இடம் மாற்றுவோர் பேட்டரித் துளைப்பானையே வாங்கட்டும்; செலவை நண்பர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.