பார்ட்டிகிள் கினமேடிக்ஸ் கணக்கு: ஃபார்முலாவா, இன்டகிரேஷனா, கிராஃபா, எந்த அச்சு?

இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்ல பார்ட்டிகிள் கினமேடிக்ஸ், அதாவது ஒரு புள்ளியா எடுத்துக்கற பொருள் எப்படி நகருதுன்னு பாக்கற சேப்டர், வரலன்னு சொல்றவங்க நோட்டை வாங்கிப் பாருங்க, கணக்கு போடத் தெரியாம நின்னது ரொம்ப கம்மியா இருக்கும். பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு ஒத்துவராத வழியைப் புடிச்சிட்டு விடாம ரெண்டு பக்கம் ஓட்டிருப்பாங்க. இத்தனைக்கும் இந்த சேப்டர்ல விசை கிடையாது, நிறை கிடையாது, பொசிஷன் வெலாசிட்டி ஆக்சிலரேஷன்னு மூணே மூணு ஆளுங்க, ஒண்ணை டிஃபரன்ஷியேட் பண்ணா அடுத்தது, திருப்பி இன்டகிரேட் பண்ணா முந்தினது, அவ்ளோதான். ஆனா அந்த உறவை எழுதறதுக்கு அஞ்சாறு வழி இருக்கறதால எதை எடுக்கறதுங்கறதுலதான் பாதி மார்க் போகுது. அதனால ஒவ்வொண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரே கணக்கை ரெண்டு வழியிலயும் போட்டுப் பாத்துடலாம்.

ஸ்கூல் ஃபார்முலாவும் இன்டகிரேஷனும்

வி = யூ பிளஸ் ஏடி, வி ஸ்கொயர் = யூ ஸ்கொயர் + 2ஏஎஸ் (யூ ஆரம்ப வேகம், வி கடைசி வேகம், ஏ ஆக்சிலரேஷன், டி டைம், எஸ் தூரம்), இதெல்லாம் கைல ஊறிப்போன ஃபார்முலா, வேகமா விடை வரும், ஆனா ஆக்சிலரேஷன் மாறாம ஒரே எண்ணா இருந்தா மட்டும்தான். கேள்வியில ஆக்சிலரேஷன் எண்ணா இருக்கா இல்ல ஒரு கோவையா இருக்கான்னு முதல்ல பாக்கணும், அதைப் பாக்காம ஃபார்முலால தூக்கிப் போட்டா விடை எவ்ளோ தூரம் தள்ளிப்போகும்னு ஒரு உதாரணம். ஓய்வுல இருந்து கிளம்பற பார்ட்டிகிள், ஆக்சிலரேஷன் = 6டி, 2 செகண்ட் கழிச்சு என்ன? இன்டகிரேட் பண்ணா வெலாசிட்டி 3டி ஸ்கொயர், பொசிஷன் டி கியூப், ஆக 12 மீ/செ, 8 மீட்டர். இதையே 2-வது செகண்ட்ல ஆக்சிலரேஷன் 12 தானேன்னு ஃபார்முலால போட்டா வெலாசிட்டி 24, தூரமும் 24 வரும். வேகம் ரெண்டு மடங்கு, தூரம் மூணு மடங்கு தப்பு. யூனிட் சரியா இருக்கும், எண்ணும் நம்பற மாதிரி இருக்கும், அதான் பிரச்சனையே.

சரி இன்டகிரேஷன்தான்னு முடிவு பண்ணியாச்சு, அங்கயும் ரெண்டு ரோடு பிரியுது, என்னைக் கேட்டா இந்த சேப்டர்லயே அதிகமா கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒண்ணு டைம் வழி: வெலாசிட்டியை டைமால டிஃபரன்ஷியேட் பண்ணா ஆக்சிலரேஷன். இன்னொண்ணு பொசிஷன் வழி: வெலாசிட்டியை பொசிஷனால டிஃபரன்ஷியேட் பண்ணி அதை வெலாசிட்டியால பெருக்கினாலும் அதே ஆக்சிலரேஷன்தான், செயின் ரூல்ல வர்றது, நடுவுல டைமே கிடையாது. இப்போ ஒரு திரவத்துக்குள்ள 10 மீ/செ வேகத்துல நுழையற பார்ட்டிகிள், ஆக்சிலரேஷன் மைனஸ் 0.5 இன்டு வெலாசிட்டி, எவ்ளோ தூரம் போய் நிக்கும்னு கேள்வி. டைம் வழில போனா வெலாசிட்டிக்கு எக்ஸ்பொனென்ஷியல் வரும், அதை மறுபடி இன்டகிரேட் பண்ணா தூரம் 20 இன்டு (1 மைனஸ் எக்ஸ்பொனென்ஷியல்)னு வரும், எப்போ நிக்கும்னு பாத்தா கணக்குப்படி நிக்கவே நிக்காது, டைம் முடிவிலிக்குப் போகணும், அப்புறம் லிமிட் எடுத்து 20 மீட்டர். பொசிஷன் வழில போனா ரெண்டு பக்கமும் வெலாசிட்டி அடிபட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் வேகம் 0.5 குறையுதுன்னு வந்து நிக்கும், 10-ஐ 0.5-ஆல வகுத்தா 20 மீட்டர், ஒரே வரி. ஆனா அதே கணக்குல வேகம் பாதியாக எவ்ளோ நேரம்னு கேட்டா பொசிஷன் வழியை மட்டும் வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, 10 மீட்டர்ல பாதியாகும்னு சொல்லுமே தவிர 1.39 செகண்ட்னு சொல்ல டைம் வழிதான் வேணும். ஆக கேள்வில டைம் தரவும் இல்ல கேக்கவும் இல்லன்னா டைமை உள்ள கொண்டு வராதீங்க. ஆக்சிலரேஷன் பொசிஷனை வச்சு மாறுதுன்னா, ஸ்பிரிங் மாதிரி, அப்போ யோசிக்கவே வேணாம், பொசிஷன் வழிதான் முதல் படி.

இன்டகிரேஷன் பக்கம் இருக்கற ஒரு குழியையும் சொல்லிடறேன். பொசிஷன் = டி கியூப் மைனஸ் 6டி ஸ்கொயர் பிளஸ் 9டின்னு குடுத்து 4 செகண்ட்ல மொத்தம் போன தூரம் கேப்பாங்க. நேரா 4-ஐப் போட்டா 4 மீட்டர், அது டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது கிளம்பின இடத்துல இருந்து எவ்ளோ தள்ளி இருக்குங்கறது மட்டும். வெலாசிட்டி 1-வது செகண்ட்லயும் 3-வது செகண்ட்லயும் ஜீரோ ஆகுது, அதாவது பார்ட்டிகிள் 4 மீட்டர் முன்னாடி போய், திரும்ப 0-க்கு வந்து, மறுபடி 4-க்குப் போகுது, நடந்த தூரம் 12. வெலாசிட்டி எங்க ஜீரோன்னு பாக்காம எந்த தூரக் கணக்கையும் முடிக்கக் கூடாது.

சமன்பாடும் கிராஃபும்

கிராஃப்னாலே படம் வரையறது டைம் வேஸ்ட்னு ஒதுக்கறவங்க நிறைய பேர், ஆனா துண்டு துண்டா ஆக்சிலரேஷன் மாறற கணக்குல வெலாசிட்டி-டைம் கிராஃப் மாதிரி வேற எதுவும் வேலை செய்யாது. சாய்வு ஆக்சிலரேஷன், அடில இருக்கற பரப்பு டிஸ்பிளேஸ்மென்ட், இது ரெண்டு போதும். ஒரு வண்டி ஓய்வுல இருந்து கிளம்பி 150 மீட்டர் தள்ளி மறுபடி ஓய்வுக்கு வரணும், அதிகபட்சம் 2 மீ/செ² வேகம் ஏத்தலாம், 4 மீ/செ² பிரேக் போடலாம், குறைஞ்ச நேரம் எவ்ளோ? சமன்பாட்டு வழில ரெண்டு கட்டம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி தூரம் தனித்தனி டைம், நடுவுல தெரியாத வேகம், எது எதோட சேருதுன்னு தேடறதுக்குள்ள எரிச்சல் வந்துடும். கிராஃப்ல அது ஒரு முக்கோணம். உச்ச வேகம் வி-ன்னு வச்சா ஏற வி/2 செகண்ட், இறங்க வி/4 செகண்ட், அடிப்பக்கம் 3வி/4, பரப்பு 150, ஆக வி = 20 மீ/செ, நேரம் 15 செகண்ட்.

இப்போ வேகம் 15-ஐத் தாண்டக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை போடுங்க. முக்கோணத்தோட மண்டையை வெட்டினா டிராபிசியம், ஏற 7.5 செகண்ட், இறங்க 3.75, அந்த ரெண்டுலயும் சேத்து 84.4 மீட்டர் முடிஞ்சிடும், மிச்சம் 65.6 மீட்டரை 15-ல போக 4.375 செகண்ட், மொத்தம் 15.625. உச்ச வேகத்தைக் கால் பங்கு குறைச்சும் நேரம் ஒரு செகண்ட் கூட கூடல! படத்தைப் பாத்தா ஏன்னு தெரியும், வெட்டுப்பட்டது ஒரு சின்ன நுனிதான். இந்த மாதிரி விஷயம் சமன்பாட்டுல உள்ளயே புதைஞ்சு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதே சமயம் ஆக்சிலரேஷன் வளைவா மாறற கணக்குல கிராஃப் பரப்பு எடுக்கறதும் இன்டகிரேஷன்தான், அங்க படம் வரையறது விடையை சரிபாக்க மட்டும்தான் உதவும்.

எக்ஸ்-ஒய், நார்மல்-டேஞ்சன்ஷியல், போலார்

வளைவுப் பாதை வந்ததும் மூணு வகை அச்சு வந்து நிக்கும்: நிலையா நிக்கற எக்ஸ்-ஒய், பாதையோட திசையும் அதுக்குச் செங்குத்தும் எடுக்கற நார்மல்-டேஞ்சன்ஷியல், மையத்துல இருந்து தூரமும் கோணமும் எடுக்கற போலார். பழக்கத்துல எல்லாரும் எக்ஸ்-ஒய் எடுத்துடுவாங்க. எறிபொருள் கணக்குக்கு அது ரொம்ப சரி, ஏன்னா ஆக்சிலரேஷனோட திசை எப்பவும் கீழ, மாறவே மாறாது, எக்ஸ் பக்கம் ஜீரோ, ஒய் பக்கம் மைனஸ் 9.81, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. ஆனா 250 மீட்டர் ஆரம் உள்ள வளைவுல 25 மீ/செ வேகத்துல போற கார் 1.5 மீ/செ² பிரேக் போடுது, மொத்த ஆக்சிலரேஷன் என்னன்னு கேட்டா எக்ஸ்-ஒய்ல சைன் காஸ் எல்லாம் எழுதி ரெண்டு தடவை டிஃபரன்ஷியேட் பண்ணணும். நார்மல்-டேஞ்சன்ஷியல்ல வேக வர்க்கத்தை ஆரத்தால வகுத்தா 2.5, பிரேக் 1.5, ரெண்டும் செங்குத்து, ஆக 2.92 மீ/செ². வேகமானி மாறற அளவுதான் டேஞ்சன்ஷியல், திசை திரும்பற அளவுதான் நார்மல், இதை விட நேரடியா ஒரு ஆக்சிலரேஷனைப் பிரிச்சுக் காட்ட முடியாது. ஒரே வேகத்துல வளைவுல போனா ஆக்சிலரேஷன் ஜீரோன்னு எழுதற தப்பு, இந்த அச்சுல போட்டா வரவே வராது.

சில கணக்குல நடுவுல அச்சு மாத்தணும், அதுக்கு நிறைய பேர் தயங்கறாங்க. 20 மீ/செ வேகத்துல 30 டிகிரில எறிஞ்ச பந்து, கிளம்பற இடத்துல பாதையோட வளைவு ஆரம் என்ன? எக்ஸ்-ஒய்லயே இருந்தா பாதை சமன்பாடு எழுதி, சாய்வு, ரெண்டாம் டெரிவேட்டிவ், அப்புறம் 3/2 அடுக்கு வர்ற அந்த நீளமான வளைவு ஃபார்முலா. அதுக்கு பதிலா 9.81-ஐப் பாதைக்குச் செங்குத்தா பிரிச்சா 9.81 காஸ் 30 = 8.50, வேக வர்க்கம் 400, வகுத்தா 47.1 மீட்டர். ரெண்டு வழியும் ஒரே விடைதான் தரும், போட்டுப் பாத்துக்கோங்க. உச்சில இன்னும் சுலபம், அங்க முழு 9.81-ம் நார்மல்தான், வேகம் 17.3, ஆரம் 30.6 மீட்டர்.

போலார்தான் எல்லாரும் பயப்படறது, பயமே அந்த 2 போட்டு வர்ற டெர்ம் மேலதான். சுத்தற கம்பில ஒரு வளையம் வெளிப்பக்கமா வழுக்கிட்டுப் போகுது, கம்பி செகண்டுக்கு 3 ரேடியன்னு மாறாம சுத்துது, வளையம் கம்பி மேல 2 மீ/செ வேகத்துல மாறாம நகருது, மையத்துல இருந்து 0.5 மீட்டர்ல இருக்கறப்போ ஆக்சிலரேஷன் என்ன? ரெண்டு வேகமும் மாறலையே, ஜீரோதானேன்னு தோணும். ரேடியல் பக்கம், அதாவது கம்பி நெடுக, மைனஸ் 4.5 (0.5 இன்டு 3 ஸ்கொயர்), அது மையம் நோக்கி, அதை எப்படியோ ஞாபகம் வச்சுப்பாங்க. ட்ரான்ஸ்வர்ஸ் பக்கம், அதாவது கம்பிக்குச் செங்குத்தா, 2 இன்டு 2 இன்டு 3 = 12 மீ/செ², இதைத்தான் விட்டுடுவாங்க, இத்தனைக்கும் பெரிசு இதுதான். எங்க இருந்து வருதுன்னா, வெளிய போற 2 மீ/செ வேகத்தோட திசையைக் கம்பி திருப்பிக்கிட்டே இருக்கு, அதுக்கு 6. வெளிய போகப் போக ஆரம் கூடறதால குறுக்கு வேகமும் கூடுது, அதுக்கு இன்னொரு 6. இந்த டெர்முக்குப் பேர் வாங்கிக் குடுத்த கொரியோலி 1835-ல சுத்தற அமைப்புகளைப் பத்தி எழுதினாரு, அதை மனப்பாடம் பண்றதை விட இந்த ரெண்டு ஆறையும் புரிஞ்சுக்கறது மேல்.

இதே கணக்கை நார்மல்-டேஞ்சன்ஷியல்ல ஆரம்பிச்சா மாட்டிக்குவீங்க, பாதை ஸ்பைரல், வளைவு ஆரம் தெரியாது. போலார்ல முடிச்சிட்டு அங்க இருந்து போகலாம்: வேகம் 2.5 மீ/செ, ஆக்சிலரேஷனை வேகத்தோட திசைல பிரிச்சா டேஞ்சன்ஷியல் 3.6, மிச்சம் நார்மல் 12.3, ஆரம் 0.51 மீட்டர்னு கடைசியா வரும்.

ஆனா கோணம் கண்ணுல பட்ட உடனே போலாருக்கு ஓடறதும் தப்பு. நேரா மேல போற ராக்கெட்டை 1000 மீட்டர் தள்ளி இருக்கற கேமரா திரும்பித் திரும்பிப் பாக்குது, கோணம் 45 டிகிரி, அது செகண்டுக்கு 0.1 ரேடியன் கூடுது, ராக்கெட் வேகம்? பாதை நேர்கோடு, அதனால உயரம் = 1000 டான் தீட்டான்னு எழுதி ஒரு தடவை டிஃபரன்ஷியேட் பண்ணா 1000 இன்டு 2 இன்டு 0.1 = 200 மீ/செ. போலார்ல ரேடியல், ட்ரான்ஸ்வர்ஸ்னு ரெண்டையும் கண்டுபுடிச்சு சேக்கறது வீண் சுத்து. அளக்கற கருவி சுத்துதாங்கறது பெருசில்ல, பார்ட்டிகிள் சுத்தற ஒண்ணு மேல உக்காந்திருக்கான்னு பாருங்க.

கயிறும் ரெலேடிவ் வழியும்

புல்லி கணக்கை சுருக்கமா முடிச்சிடறேன். நகர்ற புல்லி ஒண்ணே ஒண்ணு இருந்தா கண்ணால பாத்தே பாதி வேகம்னு சொல்லிடலாம். ஒரு நகர்ற புல்லில இன்னொரு புல்லி தொங்கினா கண்ணு ஏமாத்தும், அப்போ நகராத ஒரு கோட்டுல இருந்து எல்லாத்தையும் கீழ பிளஸ்னு அளந்து, ஒவ்வொரு கயிறுக்கும் நீளம் மாறாதுன்னு ஒரு சமன்பாடு எழுதி டிஃபரன்ஷியேட் பண்ணுங்க. எத்தனை கயிறோ அத்தனை சமன்பாடு. போரடிக்கும், ஆனா குறி தப்பாது.

ரெலேடிவ் வழி அப்படியில்ல, அழகானது. 60 மீட்டர் உயரத்துல இருந்து ஒரு கல்லை விடறாங்க, அதே நொடில கீழ இருந்து நேர் மேல 20 மீ/செ வேகத்துல இன்னொரு கல்லை எறியறாங்க. தனித்தனியா எழுதினா ரெண்டு சமன்பாடு, டி ஸ்கொயர் டெர்ம் ரெண்டு, சமப்படுத்தினா அடிபட்டுப் போகும். ஒரு கல்லு மேல உக்காந்து பாத்தா ரெண்டுக்கும் ஆக்சிலரேஷன் ஒண்ணுதான், வித்தியாசம் ஜீரோ, ஆக இன்னொரு கல்லு மாறாத 20 மீ/செ வேகத்துல வருது, 60/20 = 3 செகண்ட், 9.81 எங்கயுமே தேவைப்படல. ஒரு கல்லை லேட்டா எறிஞ்சா மட்டும், ரெண்டாவது கிளம்பற நொடில ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்தையும் ரெலேடிவ் வேகத்தையும் புதுசா எடுத்துக்கணும். இன்னொண்ணு, ரெலேடிவ் வழிக்குத் தரை எங்க இருக்குன்னே தெரியாது. எறியற வேகம் 10 மீ/சென்னு மாத்துங்க, 6 செகண்ட்ல சந்திக்கும்னு தைரியமா சொல்லும், கீழ இருந்து போன கல்லு 2.04 செகண்ட்லயே தரைல விழுந்திருக்கும், மேல இருந்து விட்டதும் 3.5 செகண்ட்ல வந்திருக்கும்.