கிளிக்கும் ஒரு இலை: ப்ளே ஸ்டாண்ட் வாங்கலாமா?

கூண்டுக்கு வெளியே பழகிய கிளி இருக்கும் வீட்டில் சாப்பாட்டு நேரம்தான் பெரிய சிக்கல். கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்ததும் தோளிலிருந்து இறங்கி நேரே சாம்பாருக்கு வரும். கூண்டில் பூட்டினால் வீடே அதிரக் கத்தும். இதற்கென்று கடைகளில் தள்ளிவிடும் சாமான்களில் உருப்படியானது ப்ளே ஸ்டாண்ட் ஒன்றுதான். அடியில் கழிவு விழ ஒரு தட்டு, நடுவில் உட்காரும் கிளை, இரு முனையிலும் எவர்சில்வர் கிண்ணம், அவ்வளவுதான் பொருள். வாங்கலாம். ஆனால் கிண்ணத்தையும் திருகாணியையும் பார்த்து வாங்க வேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், கிளி கூட்டமாக மேயும் பறவை. கூட்டம் தின்னும்போது தானும் தின்ன வேண்டும் என்பது அதன் இயல்பு. உங்கள் குடும்பம்தான் அதற்குக் கூட்டம். நீங்கள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு அது சும்மா இருக்காது. அதே நேரத்தில், அதே கூடத்தில், அதற்கென்று ஒரு இலை போட்டுவிட்டால் உங்கள் இலைமீது உள்ள ஆசை வெகுவாகக் குறையும். விரட்டுவதும் அதட்டுவதும் அந்த அளவுக்குப் பலன் தராது.

கிளி என்று இங்கே சொல்வது காக்டெயில், கான்யூர், ஆப்பிரிக்கன் கிரே ஆகிய வெளிநாட்டுக் கிளி வகைகளை. நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கான்யூர், கிரே வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இனி ஸ்டாண்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். முதலில் கிண்ணம். கொக்கியில் மாட்டும் கிண்ணம் வேண்டாம். கான்யூர் அதை அலகால் தூக்கிக் கவிழ்த்துவிட்டு, பசியோடு உங்கள் தட்டுக்குத்தான் பறக்கும். பின்பக்கம் மரையும் சிறகு நட்டும் வைத்து இறுக்கும் வகையே சரி. அந்த நட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: கிண்ணம் எவர்சில்வராக இருக்கும், நட்டும் வாஷரும் துத்தநாகம் பூசிய இரும்பாக இருக்கும். கிளி ஓயாமல் கடிப்பது அந்த நட்டைத்தான். துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. மங்கிய சாம்பல் நிறமோ, வெள்ளைப் பொடி பூத்திருப்பதோ தெரிந்தால் ஹார்டுவேர் கடையில் அதே அளவு ஸ்டீல் நட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். பித்தளையும் வேண்டாம், அதிலும் துத்தநாகம் உண்டு. காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் சொன்னால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மட்டமான சில ஸ்டீல் வகைகளிலும் காந்தம் சரியாக ஒட்டாது. ஈரம் படும் இடத்தில் சில வாரத்தில் துரு தலைகாட்டுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து கிளை. கடைந்தெடுத்த உருளைக் கம்பு பார்க்க அழகு. ஆனால் ஒரே தடிமனில் நாள் முழுக்க நின்றால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். கொய்யாக் கிளை வைத்த ஸ்டாண்ட் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் மருந்தடிக்காத மரத்திலிருந்து வெட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து நீங்களே பொருத்தலாம். காக்டெயிலுக்கு ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் போதும். கிரேவுக்கு மூன்று வரை வேண்டும். உப்புத்தாள் சுற்றிய கம்பைத் தொடவே வேண்டாம்.

அடித்தட்டு மரத்தூள் பலகையாக இருந்தால் காவிரி டெல்டாவுக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரம் உப்பி, மூட்டில் பூஞ்சை பிடிக்கும். இழுத்துக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் தட்டு போதுமானது.

வைக்கும் இடம் முக்கியம். அடுப்படியிலும் அடுப்படி வாசலிலும் கூடாது. நான்ஸ்டிக் தோசைக்கல் காலியாக அடுப்பில் கிடந்து அளவுக்கு மேல் சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியாமலேயே பறவையின் நுரையீரலைச் சிதைத்துவிடும். கிளி இருக்கும் வீட்டுக்கு இரும்புக் கல்லே சரி. தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடென்றால் ஸ்டாண்டை உயரத்தில் தூக்கி வைக்காமல் ஒரு முக்காலியில், இலையிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். முகம் தெரிய வேண்டும். எட்டிக் கொத்த முடியக்கூடாது.

பழக்கும் முறை எளிது. நீங்கள் உட்காருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கிண்ணத்தை நிரப்பி, கிளியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். அதற்கு மிகப் பிடித்த தீனி அந்தக் கிண்ணத்தில் மட்டும்தான் கிடைக்க வேண்டும். கூண்டில் கிடைக்கக் கூடாது. இறங்கி வந்தால் பேசாமல் தூக்கித் திரும்ப ஏற்றுங்கள். வீட்டில் ஒரே ஒருவர் இலையிலிருந்து ஒரு பருக்கை கொடுத்தாலும் பழக்கம் உடைந்துவிடும். ஸ்டாண்ட் சரியில்லை என்று குறை சொல்லும் பல வீடுகளில் உண்மையான காரணம் இந்தப் பருக்கைதான்.

ஒரு கிண்ணத்தில் பெல்லட், அதாவது கிளிக்கென்று கடையில் விற்கும் உருண்டைத் தீனி. மற்றதில் முளைகட்டிய பச்சைப்பயறு, துருவிய கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை. பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வால் விடும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். காராமணி, மொச்சை, ராஜ்மா பச்சையாகவோ அரைவேக்காடாகவோ கூடாது. சிவப்பு மிளகாய் தாராளமாகக் கொடுக்கலாம். காரம் பறவைக்கு உறைக்காது, வைட்டமின் ஏ-வுக்கு நல்லது. ஈரத் தீனியைச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். கழுவிய வாழையிலைத் துண்டு ஒன்றைக் கிளையில் கட்டிவிட்டால் கிழித்துக்கொண்டே நேரம் போக்கும்.

பல கடைகளில் ஸ்டாண்டோடு ஒரு பாக்கெட் கலப்புத் தீனி இலவசமாகத் தருகிறார்கள். அதில் பாதி சூரியகாந்தி விதை, கொஞ்சம் வேர்க்கடலை. சூரியகாந்தியில் கொழுப்புதான் அதிகம். வேர்க்கடலை இன்னும் மோசம்: நம்மூர் ஈரத்தில் அதில் பிடிக்கும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்தபோது, பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு வழியாகத்தான் இந்த நஞ்சே அடையாளம் காணப்பட்டது. இலவசமாக வந்தாலும் அந்தப் பாக்கெட்டைக் கிளிக்கு வைக்காதீர்கள்.

ஸ்டாண்டால் தடுக்க முடியாத ஒன்று காபி. கும்பகோணம் டிகிரி காபி குடிக்கும் ஊரில், அடியில் ஒரு வாய் மிச்சத்தோடு டபராவைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போகும் பழக்கம் யாருக்கும் தவறாகவே படுவதில்லை. வெதுவெதுப்பும் இனிப்பும் இருப்பதால் கிளி ஆசையாகக் குடிக்கும். தொண்ணூறு கிராம் காக்டெயில் ஐந்து மில்லி குடித்தால், அறுபது கிலோ மனிதர் மூன்று லிட்டருக்கும் மேல் குடித்ததற்குச் சமம். காபியில் உள்ள காஃபீன் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். பாலும் அதற்குச் செரிக்காது. டபரா தரையில் இருக்கக்கூடாது, குடித்ததும் தொட்டிக்குப் போய்விட வேண்டும் என்பதை வீட்டுச் சட்டமாகவே வையுங்கள். டீ, சாக்லேட், மது எல்லாவற்றுக்கும் இதுவே.

பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) ஒரு கீற்றுகூடக் கூடாது. பெர்சின் என்ற பொருள் இதயத்தைத் தாக்கி ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும். ஜூஸ் குடித்த டம்ளரையும் தள்ளி வையுங்கள். வெங்காயம், பூண்டு, ஊறுகாய், நாகப்பட்டினத்துக் கருவாடு, காராசேவு எல்லாம் விலக்கு. ஆப்பிளிலும் சீத்தாப்பழத்திலும் விதையை எடுத்துவிடுங்கள். பெரியவர்களின் வெற்றிலைத் தட்டு மூடியோடு இருக்கட்டும். வெற்றிலையைத் தேடி வரும் அலகு புகையிலையிலும் சுண்ணாம்பிலும்தான் போய் நிற்கும். சாப்பிட்டு முடித்து எச்சில் இலையை எடுத்து, தரையைத் துடைத்த பிறகே கிளியை இறக்குங்கள். நம் எச்சிலில் உள்ள பாக்டீரியா அதற்குப் பழக்கமில்லாதது. வாயிலிருந்து வாய்க்கு ஊட்டுவது கொஞ்சலே ஆனாலும் ஆபத்துதான்.

எல்லாம் மீறி எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சின்னக் கூண்டில், இருட்டாக, வெதுவெதுப்பாக வைத்து, தின்றதில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்காரும்வரை காத்திருக்க வேண்டாம். தஞ்சை மாவட்டத்தில் இருப்பவர்கள் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் எண்ணை இப்போதே போனில் போட்டு வையுங்கள்.

யார் வாங்க வேண்டாம் என்றால், கூண்டை விட்டு வெளியே விடாத பட்ஜீஸ் என்ற சின்னக் கிளிகளை வைத்திருப்பவர்கள். அந்தக் காசுக்குப் பெரிய கூண்டு வாங்கலாம். கிரேவுக்கு மேசையில் வைக்கும் சின்ன ஸ்டாண்ட் போதாது. ஒரு முனையில் உட்கார்ந்தாலே சாயும். அதற்கு அடிக்கனமான, தரையில் நிற்கும் வகையை எடுங்கள். காக்டெயிலுக்கும் கான்யூருக்கும் சின்னதே போதும். பணம் கொடுக்கும் முன் கிண்ணத்தைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உங்கள் கைக்கு ஆடினால் கான்யூரின் அலகுக்குக் கழன்றே விடும்.