ஸ்டோரிவீவர்: இரண்டாம் வகுப்புக்கு நல்ல துணை

பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் நூல் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கி அச்சிடலாம். நான்கு வாசிப்பு நிலைகள். எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகளுக்கு முதல் நிலையைத்தான் கொடுக்கிறேன். பக்கத்துக்கு ஓரிரு வரி, மற்றதெல்லாம் படம்.

என் வகுப்பில் ஒரு சிறுமி துணைக்காலை 'ர' என்று நினைத்து, 'கொக்கு' என்பதை 'கெரக்கு' என்றே வாசிப்பாள். ஒரே சொல் பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வரும் கதையாகப் பார்த்துக் கொடுத்தேன். பாதிக் கதைக்குள் தானாகவே திருத்திக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

போனில் காட்டுவதைவிட அச்சிட்டுக் கொடுங்கள், பிள்ளைகள் விரல் வைத்து வாசிக்க வேண்டுமே. அப்புறம், பல கதைகள் மொழிபெயர்ப்பு என்பதால் முதலில் நீங்கள் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிடுவது நல்லது. சரளமாக வரவில்லையா, வேறு கதை எடுங்கள். அங்கே கதைக்குப் பஞ்சமில்லை.